விரல்கள் இயங்காத ஒருவர் கணினியில் தமிழ் எழுத எந்த வழி நல்லது?

குற்றாலச்சாரல்

வணக்கம். என் தம்பிக்காக இந்தக் கேள்வி. மரத்திலிருந்து விழுந்ததில் கழுத்துத் தண்டுவடத்தில், ஐந்தாம், ஆறாம் எலும்பு அளவில் அடிபட்டுவிட்டது. தோளை அசைக்கிறான், முழங்கையை மடக்குகிறான், வலது மணிக்கட்டை நன்றாக மேலே தூக்குகிறான். இடது மணிக்கட்டும் தூக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். விரல்கள் பத்தும் அசைவதில்லை. விபத்துக்கு முன்னால் நோட்டு நோட்டாகச் சிறுகதை எழுதியவன்.

இப்போது போனில் பேசி எழுதுகிறான். குறுஞ்செய்திக்கு அது போதும், கதைக்குப் போதவில்லை. எங்கள் வீடு சிறியது. ஒரு பெண் தன் கணவனிடம் சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருப்பதை எழுத வேண்டுமென்றால் அதை அவன் உரக்கச் சொல்ல வேண்டும். அடுப்படியில் அம்மா, திண்ணையில் அப்பா, எல்லோருக்கும் கேட்கும். பாதியில் நிறுத்திவிடுகிறான். மூச்சும் நீளமாக நிற்பதில்லை.

பேசாமல், விரல்கள் இல்லாமல் தமிழ் எழுத என்னென்ன வழிகள் இருக்கின்றன? வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. விலை உயர்ந்த கருவி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை.

சேலத்துமாம்பழம்

அக்கா, வேகம் வேண்டுமென்றால் பேச்சுத் தட்டச்சுக்கு இணையாக எதுவும் இல்லை. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழைச் சேர்த்தது. இன்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனித் தேர்வே இருக்கிறது. தம்பிக்கு வாய்க்கு அருகில் வைக்கும் நல்ல மைக் ஒன்று வாங்கிக்கொடுங்கள். மெதுவாகப் பேசினாலும் எடுத்துக்கொள்ளும்.

மறுவாழ்வுப்பணி

குற்றாலச்சாரல், நான் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் தொழில்வழி சிகிச்சை அளிப்பவள். கருவியைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். தம்பியின் உடம்பில் எந்த அசைவு நம்பகமானது? ஒருமுறை செய்ய முடிவது கணக்கில் வராது. அரை மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்தாலும் தசை விறைக்காமல், வலிக்காமல், அதே இடத்தில் போய் நிற்கும் அசைவு எது என்று பாருங்கள். அந்த அசைவைப் பொறுத்தே விசைப்பலகையும் மென்பொருளும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவருக்குத் தோளும் மணிக்கட்டும் வேலை செய்கின்றன. இது பெரிய மூலதனம். கண்ணால் இயக்கும் கருவியோ ஒற்றை ஸ்விட்சோ அவருக்கு இப்போது தேவையில்லை. உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்று தையல்காரரிடம் தைத்துக்கொள்ளுங்கள். அகல நாடா, வெல்க்ரோ, பென்சில் நுழைய ஒரு சிறு பை. முனையில் ரப்பர் வைத்த பென்சிலைத் தலைகீழாகச் செருகினால் ரப்பர் முனை விசையை வழுக்காமல் அழுத்தும். இரண்டு கைக்கும் ஒவ்வொன்று.

பிறகு மேசை. முழங்கை மேசைமீது தாங்கப்பட்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் பத்து நிமிடத்தில் தோள் விட்டுப்போகும். விசைப்பலகையின் பின்பக்கத்தை உயர்த்தி அவரை நோக்கிச் சாய்த்து வையுங்கள். மடிக்கணினியின் சொந்த விசைப்பலகை வேண்டாம், சாதாரண யூ.எஸ்.பி. விசைப்பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கத்து விசைகள் தவறி அழுந்தினால், விசைகளுக்கு நேராகத் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை மேலே பொருத்தலாம். கையை அந்தத் தகட்டின்மேல் வைத்து இளைப்பாறவும் முடியும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். எழுத்தில் மூழ்கினால் நேரம் தெரியாது. உட்கார்ந்த இடத்தில் உணர்ச்சி இல்லாதவருக்கு அழுத்தப் புண் வருவதும் தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை, மிஞ்சினால் அரை மணிக்கு ஒருமுறை, உடல் எடையை மாற்றி உட்கார வேண்டும். கணினியிலேயே மணி அடிக்க வைத்துவிடுங்கள்.

நீங்கள் தென்காசிப் பக்கம் என்று நினைக்கிறேன். ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981-இல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் தாமும் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர். நேரில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தட்டச்சு_ஆசிரியை

மேலே சொன்ன ஏற்பாட்டில் தம்பி ஒரு நேரத்தில் ஒரு விசையைத்தான் அழுத்துவார். எனவே எந்த விசைப்பலகை அமைப்பு என்பது இங்கே ருசிக்குரிய விஷயம் அல்ல. ஒவ்வொரு கூடுதல் அழுத்தமும் அவருடைய தோளிலிருந்து கழிகிறது.

தமிழ் 99 கற்றுக்கொடுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது. இதன் முதல் நன்மை, உயிர், மெய் எதற்கும் ஷிப்ட் தேவையில்லை. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், புள்ளி அனைத்தும் நேர் விசையில் இருக்கின்றன. கிரந்த எழுத்து போன்றவற்றுக்குத்தான் ஷிப்ட். இந்திய மொழிகளுக்கான இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் தனி உயிரெழுத்து எதற்கும் ஷிப்ட் வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பில் ண, ள, ற மூன்றுக்கும் வேண்டும். ஒற்றைக் கோலால் தட்டுபவருக்கு ஷிப்ட் என்பது இன்னொரு முழு அழுத்தம்.

இரண்டாவது, புள்ளி தானாக விழும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்து புள்ளி பெற்றுவிடும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற தட்டினாலும் அப்படியே. பள்ளியில் படித்த இன எழுத்துகள்தாம்.

"எண்ணங்கள்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் 99-இல் எ, ண, ண, ங, க, ள, புள்ளி. ஏழு அழுத்தம். ஒலிபெயர்ப்பில் இதற்கு ஒன்பது எழுத்துகள், அவற்றில் மூன்றுக்கு ஷிப்ட், மொத்தம் பன்னிரண்டு. "வந்தான்" தமிழ் 99-இல் ஆறு, ஒலிபெயர்ப்பில் எட்டு. ஒரு சிறுகதைக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். தம்பிக்கு வலக்கை வலுவானது என்கிறீர்கள். மெய்கள் அங்கே இருப்பது அவருக்கு வசதி.

சேலத்துமாம்பழம்

டீச்சர், கணக்கு சரி. ஆனால் பள்ளி, கல்லூரி, போன் என்று எல்லா இடத்திலும் ஆங்கில விசைப்பலகைதான் அவர் கண்ணுக்குப் பழகியிருக்கும். துன்பத்தில் இருக்கும் ஒருவரிடம் புதிய அமைப்பை முதலிலிருந்து படி என்று சொல்வது சுமையாகிவிடாதா? தெரிந்த எழுத்துகளைத் தட்டினால் அன்றே எழுதத் தொடங்கலாமே.

வாய்க்கோல்

சேலத்து நண்பருக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குத் தோளுக்குக் கீழே எந்த அசைவும் இல்லை. வாயில் கோல் வைத்துத் தட்டுகிறேன். நீங்கள் படிக்கும் இந்த வரியும் அப்படித்தான் வருகிறது.

ஒலிபெயர்ப்பில் நானும் நெடுநாள் எழுதினேன். பழக்கமானது என்பது உண்மை, அன்றே தொடங்கலாம் என்பதும் உண்மை. ஆனால் மாலையில் கழுத்து சொல்லும் கணக்கு வேறு. விரல் உள்ளவர்களுக்குப் பத்து விசை என்பது ஒரு நொடி. எனக்குப் பத்து முறை தலை குனிந்து நிமிர்வது. புதிய அமைப்பைப் படிப்பது சில வாரத்துத் தொல்லை. கூடுதல் அழுத்தம் ஆயுள் முழுவதும் கூடவே வரும். எங்களைப் போன்றவர்களிடம் "கற்றுக்கொள்வது சிரமம்" என்று சொல்லி எளிதானதைக் கையில் கொடுப்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது பிடிப்பதில்லை. முடங்கியது உடம்புதான், படிக்கும் திறன் அப்படியே இருக்கிறது.

அதே வேளையில் தமிழ் 99 பற்றி டீச்சர் சொல்லாத ஒன்று உண்டு. உயிர் ஒரு கோடியிலும் மெய் மறு கோடியிலும் இருப்பது இரண்டு கை உள்ளவர்களுக்கு வரம். ஒற்றைக் கோல்காரருக்கு அது நடை. "நூ" என்று எழுதத் தலை வலமிருந்து இடமாக விசைப்பலகையின் பாதி அகலத்தைக் கடக்க வேண்டும். அதனால் பெரிய விசைப்பலகை வாங்காதீர்கள். எண் தொகுதி இல்லாத, அகலம் குறைந்த சிறிய விசைப்பலகை வாங்குங்கள். எனக்கு வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது.

விண்டோஸில் இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். ஷிப்டை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் இயங்கும். அதன்பின் ஷிப்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், தட்டிவிட்டு அடுத்த விசைக்குப் போகலாம். மற்றொன்று ஃபில்டர் கீஸ். கை நடுங்கி ஒரே விசை இருமுறை விழுந்தால் இரண்டாவதை அது தள்ளிவிடும். ஆனால் தமிழ் 99-இல் "அம்மா" என்று எழுத ம-வை வேண்டுமென்றே இருமுறை தட்டுகிறோம் அல்லவா? இடைவெளியை அதிகமாக வைத்தால் அந்த இரண்டாவது ம-வையும் விழுங்கிவிடும், "அமா" என்று நிற்கும். அரை நொடியில் தொடங்கி, தம்பியின் கைக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துப் பாருங்கள். இந்த அமைப்புகளைச் செய்தவர்கள் மெய்யை இரட்டித்துத் தட்டும் மொழியை மனத்தில் வைத்திருக்கவில்லை. நாம்தான் சரிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

குற்றாலச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. வாய்க்கோல் ஐயா எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். "படிக்கும் திறன் அப்படியே இருக்கிறது" என்ற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னான். பட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஆறுபுள்ளி

நான் பார்வையற்றவள். என்விடிஏ திரைவாசிப்பானும் இ-ஸ்பீக் தமிழ்க் குரலும் வைத்துக் கணினியில் எழுதுகிறேன். போனில் பிரெயில் உள்ளீடு. தம்பிக்கு அது உதவாது, ஆறு விரல்கள் ஒரே நேரத்தில் வேண்டும். ஆனாலும் பேச்சுத் தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பேசி எழுதினால் மனம் மணமாகும், கரை கறையாகும். கண் உள்ளவர் திருத்திக்கொள்வார். திரைவாசிப்பான் வாசிக்கும்போது இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து, இரண்டு சுழியா மூன்று சுழியா என்று பார்த்தால்தான் தெரியும். நானே விசையை அழுத்தி எழுதும்போது எந்த ன என்று என் கைக்குத் தெரியும். அந்த நிச்சயம் எனக்குப் பேச்சுத் தட்டச்சில் கிடைத்ததே இல்லை. கடிதத்துக்குப் பேச்சு, கட்டுரைக்கு விசை என்று பிரித்துவிட்டேன்.

பிரெயிலில் எழுதுவது தமிழுக்கு எவ்வளவு இயல்பாக அமைந்திருக்கிறது என்று கண் உள்ளவர்களுக்குத் தெரியாது. "கெ" என்று எழுத க, அடுத்து எ. ஒலிக்கும் வரிசையே எழுத்து வரிசை. கொம்பை முன்னால் போடும் வேலை இல்லை. புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னால் வரும். நான்காம் புள்ளி, பிறகு ஒன்று மூன்று, அது "க்". இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயிலின் முறை இது.

வல்லிபுரத்தான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் அப்பாவுக்கு இயக்க நரம்பணு நோய். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கதைப்பது நின்றுவிட்டது, கைகளும் போய்விட்டன. கண்ணும் வலது புருவமும் மட்டுமே அவர் சொற்படி நடக்கின்றன.

உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கண்ணசைவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பட வைத்துப் பார்வை எங்கே நிற்கிறது என்று கணிக்கும் வகை. எங்கள் வீட்டு விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் அது தடுமாறுகிறது. உள்ளறையில் திரையை மூடினால் சரியாகிறது. பெரிய தொல்லை வேறு. ஒரு விசையைப் பார்த்தபடி நின்றால் அது தட்டப்பட்டதாகக் கொள்ளும். அப்பா எழுத்தைத் தேடுவதற்காகப் பார்த்தாலும் தட்டிவிடும். நிற்கும் நேரத்தைக் கூட்டினால் கண் எரிகிறது, நீர் வடிகிறது. அவருக்குப் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையைத் திரையில் வைத்தோம். விசைகள் பல, எல்லாம் சிறியவை, பார்வை பக்கத்து விசைக்கு வழுக்குகிறது.

புருவ அசைவை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? நிறையப் பேச வேண்டும் என்றில்லை. தான் விரும்பியதைத் தானே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார். நாங்கள் ஊகித்துச் சொல்லி அவர் கண்ணை மூடி ஆமோதிப்பது அவருக்குக் கசக்கிறது.

நிரல்நேயன்

வல்லிபுரத்தான் அண்ணா, புருவம் ஒன்று போதும். ஸ்டீபன் ஹாக்கிங் கடைசி ஆண்டுகளில் ஒரு கன்னத் தசையின் அசைவை மட்டும் வைத்தே எழுதினார். கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி கன்னம் அசைவதைப் பிடிக்கும், அது ஒற்றை ஸ்விட்ச் ஆகிவிடும். அவருக்காக இன்டெல் எழுதிய ஏகேட் மென்பொருளை 2015-இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு போனில் ஸ்விட்ச் அணுகல் அமைப்புக்குள் முன் கேமரா வழியாக முக அசைவையே ஸ்விட்சாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. புருவம் உயர்த்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு. செலவு இல்லை, இன்று இரவே சோதித்துப் பார்க்கலாம்.

ஒற்றை ஸ்விட்சில் எழுத்து இப்படித்தான் வருகிறது. திரையில் எழுத்துக் கட்டம். முதல் வரிசை ஒளிரும், இரண்டாம் வரிசை ஒளிரும். வேண்டிய வரிசை வந்ததும் புருவத்தை உயர்த்த வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக ஒளிரும், மறுபடியும் புருவம். இங்கேதான் தமிழுக்கு யாராவது உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் அகரவரிசையில் கட்டம் போட்டுவிடுகிறார்கள். ஆறு ஆறாகப் போட்டால் பார்க்க மிக அழகாக இருக்கும்: உயிர் இரண்டு வரிசை, மெய் மூன்று வரிசை, கடைசி வரிசையில் புள்ளி, இடைவெளி, மற்றவை. இப்போது "நான்" என்று எழுதி ஓர் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு ஒளிர்தலும் ஓர் அடி. ந நான்காம் வரிசை இரண்டாம் கட்டம், நான்கும் இரண்டும் ஆறு அடி. ஆ மூன்று அடி. ன ஐந்தாம் வரிசையின் கடைசிக் கட்டம், பதினொரு அடி. புள்ளிக்கு ஏழு, இடைவெளிக்கு எட்டு. மொத்தம் முப்பத்தைந்து அடி. ஓர் அடிக்கு ஒன்றரை நொடி என்றால் 52.5 நொடி. "நான்" என்று சொல்ல ஒரு மனிதருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்.

அதே கட்டத்தைப் புழக்க வரிசையில் அடுக்குங்கள். இடது மேல் மூலையில் இடைவெளி. அதை ஒட்டிப் புள்ளியும் க-வும். அடுத்த மூலைவிட்டச் சாய்வில் உ, இ, த. அதற்கடுத்து ஆ, ன, ர, ப. பிறகு ம, அ, வ, ட, ந. இப்படிச் சாய்வு சாய்வாக நிரப்பி, ஔ, ங, ஞ போன்றவற்றைக் கீழ் வலது மூலைக்குத் தள்ளிவிடலாம். ங-வை அடிக்கடி எழுதுகிறோமே என்று தோன்றும். "க" தேர்ந்தெடுத்த பிறகு முன்னால் "ங்" சேர்க்கவா என்று மென்பொருளே கேட்கும்படி எழுதிவிடலாம். இந்த அடுக்கில் "நான்" 6, 5, 5, 3, இடைவெளிக்கு 2. இருபத்தொரு அடி, 31.5 நொடி.

எழுத்தைப் புழக்க வரிசையில் அடுக்குவது பழைய யோசனை. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ழான் தொமினிக் போபி 1995-இல் பக்கவாதத்தால் முடங்கியபோது, எதிரில் இருப்பவர் இ, எஸ், ஏ, ஆர் என்று புழக்க வரிசையில் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போக, வேண்டிய எழுத்தில் அவர் இடது கண்ணைச் சிமிட்டினார். கணினியே வேண்டாம். மின்வெட்டு நேரத்தில் உங்கள் அப்பாவுக்கும் இது உதவும். ஓர் அட்டையில் மேலே சொன்ன வரிசையை எழுதி வையுங்கள்.

கண்ணசைவுக் கருவியையும் ஒதுக்கிவிடாதீர்கள். டேஷர் என்று ஒரு மென்பொருள் உண்டு. கேம்பிரிட்ஜில் டேவிட் மெக்கேயும் அவர் மாணவர் டேவிட் வார்டும் உருவாக்கியது. 2002-இல் நேச்சர் இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். விசை என்று எதுவும் கிடையாது. எழுத்துகள் வலப்புறத்திலிருந்து நம்மை நோக்கி மிதந்து வரும், வேண்டிய எழுத்தை நோக்கிப் பார்வையைச் செலுத்தினால் அதற்குள் நுழைவோம், உள்ளே அடுத்த எழுத்துகள் விரியும். அடுத்து வர அதிக வாய்ப்புள்ள எழுத்துக்குப் பெரிய கட்டம், மற்றதற்குச் சிறியது. பார்ப்பதே ஓட்டுவது என்பதால், தேடும்போது தட்டிவிடும் தொல்லை இதில் கிடையாது. வாய்ப்பைக் கணக்கிட அதற்கு மாதிரி உரை கொடுக்க வேண்டும். அப்பா தமிழாசிரியர் என்றீர்கள். அவர் எழுதிய கட்டுரைகளோ கடிதங்களோ தட்டச்சாகி இருந்தால் அவற்றையே கொடுங்கள். அவருடைய சொற்கள் பெரிய கட்டத்தில் வரத் தொடங்கும்.

வல்லிபுரத்தான்

தம்பி, மிக்க நன்றி. புருவத்தைக் கேமரா பிடிக்கிறது. அட்டையும் எழுதி வைத்துவிட்டோம். புழக்க வரிசையைப் பார்த்துவிட்டு அப்பா அட்டையில் ஒரு திருத்தம் சொன்னார்: ஐ-யை முன்னால் கொண்டு வரவேண்டுமாம், இரண்டாம் வேற்றுமை உருபு இல்லாமல் எப்படி வாக்கியம் அமைப்பது என்று கேட்கிறார். கேள்வி முழுவதையும் புருவத்தாலேயே எழுதினார்.

நிரல்நேயன்

ஐயா சொல்வது சரி. ஐ-யை ம, அ, வ இருக்கும் சாய்வுக்குக் கொண்டுவருகிறேன்.

சேலத்துமாம்பழம்

ஒரு சந்தேகம். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து தட்டினால் போன் சொல்லையே ஊகித்துவிடுகிறது. தமிழில் அது ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறது? அது நன்றாக இருந்தால் அழுத்தக் கணக்கே தேவைப்படாதே.

நிரல்நேயன்

ஊகித்து எழுதுவது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பொத்தான் போன் காலத்தில் சொல்லை ஊகித்த டி9 முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் கிளிஃப் குஷ்லர். அதற்கு முன்னால் பேச முடியாதவர்களுக்கான கருவிகளில் வேலை செய்தவர். பிறகு விரலை இழுத்து எழுதும் ஸ்வைப்பை அவரும் ரேண்டி மார்ஸ்டனும் சேர்ந்து செய்தார்கள். மார்ஸ்டன் கை இயங்காதவர்களுக்குத் திரை விசைப்பலகை செய்துவந்தவர். இன்று எல்லோர் போனிலும் இருக்கும் வசதி இப்படி வந்தது.

தமிழில் தடுமாறுவதற்குக் காரணம் நம் சொல்லின் அமைப்பு. வேர்ச்சொல்லோடு காலம், இடம், பால், வேற்றுமை எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. ஒரே வினையிலிருந்து நூற்றுக்கணக்கான வடிவங்கள். முழுச் சொல்லை ஊகிக்கும் மென்பொருள் தலைப்பகுதியைப் பிடித்துவிடும், வாலில் தோற்றுவிடும். வாலை மட்டும் ஊகிக்க வேண்டும். யாராவது நன்றாகச் செய்யும்வரை கையால் செய்யக்கூடிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது.

எஸ்பான்சோ, ஆட்டோஹாட்கீ போன்ற இலவச மென்பொருள்களில் சுருக்கெழுத்து வைத்துக்கொள்ளலாம். சுருக்கம் எந்த உண்மைச் சொல்லோடும் மோதக்கூடாது. அதற்குத் தமிழிலக்கணமே வழிவிட்டிருக்கிறது. ஆய்தத்துக்குப் பின்னால் வல்லினம்தான் வரும். எஃகு, அஃது, ஃபிரான்ஸ் எல்லாம் அப்படியே. ஆகவே ஆய்தமும் மெல்லினமும், ஆய்தமும் இடையினமும் முழுக்கக் காலியாகக் கிடக்கின்றன. "ஃள" என்றால் "கொண்டிருக்கிறார்கள்". "ஃன" என்றால் "கொண்டிருக்கிறான்". "ஃல" என்றால் "வேண்டியிருக்கிறது". தமிழ் 99-இல் "கொண்டிருக்கிறார்கள்" பதினேழு அழுத்தம். "ஃள" இரண்டே எழுத்து. சொல்லின் நடுவிலும் விரியும்படி அமைத்துவிட்டால் "செய்து" என்று எழுதி ஒட்டியே தட்டலாம்.

வாய்க்கோல்

இதை இன்று காலையிலிருந்து பயன்படுத்துகிறேன். இதைவிடச் சிறந்த பரிசு யாரும் எனக்குத் தந்ததில்லை. "ஃர" என்றால் "கொண்டிருக்கிறார்", "ஃம" என்றால் "முடியவில்லை" என்று சேர்த்துக்கொண்டேன்.

தேர்வு எழுதும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு தகவல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐ ஒட்டி 2018-இல் வந்த நடுவண் அரசின் வழிகாட்டுதலில், சொல்வதை எழுதுபவர் மட்டுமல்லாமல் கணினியில் எழுதுவதற்கும் இடம் தந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் தந்தார்கள். மையத்தில் போய் வாதாடாமல் விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

குற்றாலச்சாரல்

இனி அவனே எழுதுகிறான். என் கணக்கிலிருந்துதான்.

வணக்கம். குற்றாலச்சாரலின் தம்பி. இரண்டு பென்சில், சிறிய விசைப்பலகை, தமிழ் 99. முதல் வாரம் எழுத்தைத் தேடுவதிலேயே போனது. இப்போது தேடுவதில்லை. விசைப்பலகை முன்னால் நழுவிக்கொண்டே போனது; அக்கா அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டிய பிறகு நிற்கிறது. ஃபில்டர் கீஸ் அரை நொடியில் சரியாக இருக்கிறது.

பேச்சுத் தட்டச்சை நான் விட்டுவிடவில்லை. கதாபாத்திரங்கள் பேசும் வரிகளைப் பேசித்தான் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பேச்சு அதில் நன்றாகவே வருகிறது, வீட்டில் யார் கேட்டாலும் கூச்சமில்லை. மற்றதெல்லாம் பென்சிலில். மெதுவாக எழுதுவதால் ஒரு வாக்கியத்தைத் தட்டி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியத்தை மூன்று விதமாக யோசித்துவிடுகிறேன். முன்பு நோட்டில் எழுதியதைவிட அடித்தல் குறைவு.

ஒரு தொல்லை மட்டும் மீதி. புள்ளி விசை இடப்பக்கம் இருக்கிறது. என் இடக்கை சீக்கிரம் களைக்கிறது. உயிர் எழுத்துக்கும் அதே கை, சொல் முடிவில் புள்ளிக்கும் அதே கை. அவன், அவள், மரம், வந்தேன், எல்லாம் புள்ளியில் முடிகின்றன. வலப்பக்கம் ஒரு புள்ளி கிடைக்குமா?

தட்டச்சு_ஆசிரியை

நல்ல கேள்வி தம்பி. வலக்கோடியில் ஞ-வுக்குப் பக்கத்தில் பின்சாய்கோடு விசை இருக்கிறது. தமிழ் 99-இல் அதில் தமிழ் எழுத்து எதுவும் இல்லை. அங்கே வைக்கலாம்.

நிரல்நேயன்

கீமேனில் செய்துவிடலாம். இலவசம், திறந்த மூலம், சொந்தமாக விசைப்பலகை அமைப்பு எழுதிக்கொள்ளலாம். இடப்பக்கப் புள்ளியை எடுக்காமல் பின்சாய்கோட்டில் இன்னொன்று வைக்கிறேன். இரண்டும் இருக்கட்டும், கை முடிவு செய்யும். உங்கள் விசைப்பலகையில் பின்சாய்கோடு என்டருக்கு மேலே இருக்கிறதா, இடது ஷிப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? சிறிய விசைப்பலகைகளில் இடம் மாறும். ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டு இன்று இரவு கோப்பை இங்கேயே இணைக்கிறேன்.

குற்றாலச்சாரல்

என்டருக்கு மேலே. படம் இணைத்திருக்கிறேன்.